வெள்ளையடித்த பிக்கப்

கல்யாணத்தன்று காலையில் நூரிஸுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பல் துலக்கும்போது சிரித்தாள். காபி குடிக்கும்போது புரையேறச் சிரித்தாள். எர்சிலியா அத்தை கொண்டை போட்டுவிட உட்கார்த்தியபோது தோள் குலுங்கிய குலுங்கலில் கொண்டை ஊசிகள் தரையெல்லாம் சிதறின.

"ஆடாம உக்காருடி. இன்னிக்கு உனக்குக் கல்யாணமா, இல்ல சர்க்கஸா?"

"ரெண்டும்தான் அத்தை!" என்று சொல்லிவிட்டு மறுபடி வெடித்தாள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மோந்தே கிறிஸ்தியில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒதாலிஸ், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் விறைத்த முகமுமாகக் கோயில் வாசலில் நின்றுகொண்டிருப்பான். அதை நினைத்தாலே அவளுக்கு வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போலிருந்தது. சொந்த ஊர் வில்லா வாஸ்கெஸின் சிற்றாலயக் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டதால் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். உறவுக் கூட்டமெல்லாம் விடிகாலையிலேயே பேருந்தில் ஏறிப் போயிருந்தது. மிச்சம் நூரிஸ், அவள் அப்பா மில்சியாதெஸ், அத்தை, அத்தை இரண்டு நாளாகப் பக்குவம் பார்த்துச் செய்த கல்யாணக் கேக், அப்புறம் நூரிஸின் பிக்கப்.

முற்றத்துக்கு வந்தவள் பிக்கப்பைக் காணாமல் திகைத்தாள். அது இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது.

"அப்பா, இது யாரு வண்டி?"

மில்சியாதெஸ் மார்பை நிமிர்த்தி நின்றார். புருவத்தில்கூடப் பெயின்ட். "உன் வண்டிதான். நேத்து நீ தையல்காரம்மா வீட்டுக்குப் போயிட்டு இருட்டினப்புறம் வர்றதுக்குள்ள அடிச்சேன். படகுக்கு அடிக்கிற பெயின்ட், லேசுல போகாது. கல்யாணப் பொண்ணு கோயிலுக்கு நீல வண்டியிலயா போய் எறங்குவா?"

மனிதர் ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. பம்பர், சக்கர மூடி, கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடியில் பாதி, எல்லாம் வெள்ளை. பானெட்டின் மேல் கோழி ஒன்று காலை நடை போயிருந்த தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. நூரிஸ் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டு மறுபடி சிரித்தாள். "கண்ணுக்கு வெச்ச மை அத்தனையும் வடியுது" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

வண்டியை நூரிஸேதான் ஓட்டினாள். வாழைத்தாரும் வெங்காயமும் ஏற்றிச் சந்தை சந்தையாகப் போய் வந்த வண்டி அது. கிளட்சை எங்கே விட வேண்டும், எந்த மேட்டில் கெஞ்ச வேண்டும், எந்த இறக்கத்தில் திட்ட வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அத்தை நடுவில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்தாள். அப்பா ஜன்னலோரம். இரண்டு பக்கமும் கள்ளிக்காடு, காட்டுக்குள் ஆடுகள், நேரே நீண்டு கிடக்கும் தார்ச்சாலை. நூரிஸ் பாட்டை எடுத்தாள். அப்பா கதவில் தாளம் போட்டார். தாளம் போட்ட உள்ளங்கை வெள்ளையாகித் திரும்பி வந்தது.

பாட்டு மூன்றாம் முறை பல்லவிக்கு வந்தபோது என்ஜின் விக்கியது. பிறகு இருமியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுபோனது.

"கார்புரேட்டர்" என்றார் அப்பா, வண்டி உருண்டு நிற்பதற்கு முன்பே.

"இன்னும் எறங்கிக்கூடப் பாக்கலையேப்பா."

"பாக்கவே வேணாம். சத்தமே சொல்லுதே."

சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது. மூவரும் கைதட்டினார்கள். கைதட்டிய கையோடு இரண்டு மேடு தாண்டியதும் மறுபடி விக்கல், இருமல், பெருமூச்சு. அடுத்த தடவை ஒரு மேடுகூடத் தாண்டவில்லை.

நூரிஸ் இறங்கினாள். பின்னால் கிடந்த வாழைத்தார்ச் சாக்குகளைக் கவுனுக்கு மேல் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கையுறைகளைக் கழற்றி அப்பாவின் பையில் திணித்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினாள். இதற்குள் அந்த வழியாகப் பச்சை வாழைக்காய் ஏற்றிக்கொண்டு எதிரே வந்த லாரி ஒன்று ஓரங்கட்டியது. அதிலிருந்து லெயோவிஹில்தோ என்கிற தொப்பைக்காரர், யாரும் கூப்பிடாமலே, ஸ்பேனரோடு இறங்கி வந்தார்.

"கார்புரேட்டர்தான்" என்றார், வணக்கத்துக்குப் பதிலாக.

"நான் அப்பவே சொல்லிட்டேன்" என்றார் அப்பா. இருவரும் பிறவியிலேயே சிநேகிதர்கள் போலக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவன் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பாப்போ. மோந்தே கிறிஸ்திக்கும் வில்லா வாஸ்கெஸுக்கும் இடையில் அவனைத் தெரியாதவர் கிடையாது. "கார்புரேட்டரும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. வெயிலு! பெட்ரோல் பம்ப் கொதிச்சுப் போயிருக்கும். எலுமிச்சம்பழத்த ரெண்டா வெட்டி அதுமேல வெச்சுக் கட்டுங்க."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் வண்டி பிரிச்சவன்டா" என்றார் லெயோவிஹில்தோ.

"அதான் அந்த வண்டி இன்னும் நிக்குதாமே, பிரிச்ச இடத்துலயே?"

நூரிஸ் இடையில் புகுந்தாள். "பாப்போ, நீ ஊருக்குத்தானே போற? கோயில்ல ஒதாலிஸ் கிட்ட சொல்லு. வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது, சரி பண்ணிட்டு வந்துடறேன்னு. பயப்படாம இருக்கச் சொல்லு."

"சொல்றேன், கல்யாணப் பொண்ணே! பூப்போலச் சொல்றேன்!" என்று அவன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான்.

நூரிஸ் தன் வழியில் பார்த்தாள். பிளக் ஒயரைக் கழற்றி, அத்தையைச் சாவி திருப்பச் சொன்னாள். நீலமாகப் பொறி பறந்தது. ஆக, மின்சாரத்தில் கோளாறில்லை. கார்புரேட்டரின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தாள். பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. வறண்ட தொண்டை.

"பெட்ரோல் மேலேயே ஏறல. கார்புரேட்டர்ல என்ன இருக்கப் போகுது? அதுக்கே தண்ணி தவிக்குது."

"உள்ள அடைச்சிருக்கு, அதான் ஏறல" என்றார் அப்பா. லெயோவிஹில்தோ தலையாட்டினார். அவள் மறுப்பதற்குள் இரண்டு ஆண்களும் கார்புரேட்டரின் மேல்மூடியைக் கழற்றியாகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து பிரிக்கிறபோது கடவுளே வந்தாலும் தடுக்க முடியாது. அவர்களோடு மல்லுக்கட்டுவதை விட்டு, பம்பிலிருந்து டேங்க்குக்குப் போகிற குழாய் எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க, இன்னொரு சாக்கை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

மேலே அப்பா கார்புரேட்டருக்குள்ளிருந்து பித்தளை ஜெட்டைக் கழற்றி எடுத்தார். பருப்பளவுதான் அது. நடுவில் ஊசிமுனைத் துளை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அடைப்பு இருந்தால் ஊதித் தள்ளிவிடலாமென்று அதை உதட்டில் வைத்து, ஜன்னலோரமாக நின்றுகொண்டு, கன்னம் புடைக்க ஊதினார். துளை வழியாகப் போக வேண்டியது காற்று. போனது ஜெட். உதட்டிலிருந்து வழுக்கி, ஜன்னல் வழியாகப் பறந்து, அத்தையின் மடியில் இருந்த கேக்கின் வெள்ளைக் கிரீமுக்குள் 'பொளக்'கென்று இறங்கி மறைந்தது.

அத்தை கேக்கில் விழுந்த குழியைக் குனிந்து பார்த்தாள்.

"டேய் மில்சி…" என்றாள் அத்தை மெதுவாக. பிறகு அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, அழாத. அசையாத! அசைஞ்சா இன்னும் உள்ள போயிடும்!"

அப்பாவும் லெயோவிஹில்தோவும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்குள் தலை குனிந்து நின்றார்கள். அப்பா சுண்டு விரலைக் கேக்குக்குள் விட்டுத் துழாவினார். அத்தை கைக்குட்டையை வாயில் வைத்து விசும்பினாள். வண்டிக்கு அடியில் கிடந்த நூரிஸுக்கு மேலே நடப்பது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சிரிப்பில் மூச்சே வரவில்லை. கையைக் காலை அசைக்க முடியாமல் வெள்ளைச் செருப்புக் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கண்ணில் நீர் வழியக் கிடந்தாள்.

அந்த நேரத்தில்தான் பாப்போ திரும்பி வந்தான். நிலவரம் பார்த்துவரச் சொல்லி ஒதாலிஸ் அனுப்பியிருந்தான். பாப்போ தூரத்திலிருந்தே பார்த்தான்: வண்டிக்கு அடியிலிருந்து அசையாமல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நிற்கும் இரண்டு ஆண்கள். விம்மி அழும் அத்தை. நிறுத்தவில்லை; சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே வண்டியைத் திருப்பினான்.

"பாப்போ வந்த மாதிரி இருந்துச்சே?" என்றாள் நூரிஸ் அடியிலிருந்து.

"வந்தான், போயிட்டான். அவனுக்கு என்ன வேல" என்றார் அப்பா. "ஆங்! கெடைச்சிருச்சு!" ஜெட்டை வெளியே எடுத்து, கிரீமை வாயில் போட்டுச் சப்பிச் சுத்தம் செய்தார். "அக்கா, கேக்கு பிரமாதம். அன்னாசி போட்டியா?"

ஜெட்டை மாட்டி, மூடியைப் பூட்டி, சாவியைத் திருப்பினார்கள். விர்ரென்று பிடித்தது. லெயோவிஹில்தோ தொப்பியை வானத்தில் எறிந்தார். தொப்பி கீழே வருவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது.

குழாய் நசுங்கவில்லை. ஃபில்டர் கண்ணாடிபோலச் சுத்தம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பார்த்தாயிற்று. அப்பா, பழியைக் கார்புரேட்டரின் மிதவை மேல் போட்டார். லெயோவிஹில்தோ ஊசி வால்வு மேல் போட்டார். இருவருக்கும் முதல் சண்டை மூண்டது. அதைப் பொறுக்க மாட்டாமல், வண்டி என்றால் நான்கு சக்கரம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாத அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்டா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வண்டியில பெட்ரோல் இருக்கா, இல்லையா?"

இரண்டு ஆண்களும் சண்டையை மறந்து ஒரே குரலில் சிரித்தார்கள். "பெட்ரோலாம்! கேட்டியா!"

"நேத்துதான் அத்தை நானே வாய் வரைக்கும் ரொப்பினேன்" என்றாள் நூரிஸ்.

"ரொப்பினது நேத்து. நான் கேக்கறது இன்னிக்கு. தொறந்து காட்டு."

அளவு காட்டும் முள் செத்து வெகுகாலம் ஆகிறது. அத்தையின் வாயை அடைக்க வேறு வழியில்லை. ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் இருந்த டேங்க் மூடியை நூரிஸ் திருகினாள். அது அசையவில்லை, அப்பாவின் பெயின்ட் அதையும் விட்டுவைக்காமல் கழுத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தது. லெயோவிஹில்தோவும் கைகொடுத்தார். இருவரும் மூச்சுப் பிடித்துத் திருகியதில் பெயின்ட் படக்கென்று உடைந்தது. மூடி திறந்த அந்த நொடியில் டேங்க், தண்ணீருக்குள் முங்கியவன் தலை தூக்கியது போல, 'ஹ்ஹூஊஊப்ப்' என்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது.

எல்லோரும் மூடியைப் பார்த்தார்கள். நூரிஸ் அதைத் திருப்பிப் பிடித்தாள். காற்று போக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் வெற்றிடமாகிப் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் விடாது. அந்தத் துளை இருந்த இடத்தில், பளபளவென்று, படகுப் பெயின்ட்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"மழ வரும்போல இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். நூரிஸ் சாலையோரமாக உட்கார்ந்தே விட்டாள். சிரிப்பு விலாவைக் குத்தியது. லெயோவிஹில்தோ தொப்பை குலுங்க லாரியில் சாய்ந்துகொண்டார். அத்தை கேக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டேனா இல்லையா? கேட்டேனா இல்லையா?" என்று உலகத்துக்கே முறையிட்டாள்.

துளையைக் குத்தித் திறக்க மெல்லிய கம்பி வேண்டும். நூரிஸ் தலையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். "ஐயோ, அதத் தொடாத!" என்று அத்தை கத்துவதற்குள் காலையெல்லாம் கட்டிய கொண்டை மொத்தமும் சரிந்து முதுகில் விழுந்தது. ஊசி துளைக்குள் நுழைந்தது. மூடியில் வாய் வைத்து ஊதினாள். மறுபக்கம் காற்று ஜில்லென்று உள்ளங்கையில் பட்டது. அதைவிட இனிமையான காற்றை அவள் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

லெயோவிஹில்தோவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, கோயிலை நோக்கிப் பிக்கப்பை விரட்டினாள். விக்கல் இல்லை, இருமல் இல்லை. என்ஜின் தேன் குடித்தது போலப் பாடியது.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் பறந்து வந்தது. அதன் மேல் மூன்று பேர். முன்னால் பாப்போ. நடுவில் கோயில் பாதிரியார் அன்செல்மோ சாமி, அங்கி பாய்மரம்போலப் படபடக்க, கையில் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் புனித எண்ணெய்ச் செப்பு. பின்னால், முகம் சுண்ணாம்பாக வெளுத்து, ஒதாலிஸ்.

"ஒதாலிஸ்!" என்று நூரிஸ் ஜன்னல் வழியாகக் கத்தினாள். ஆனால் அவன் தேடியது நீல வண்டியை. வெள்ளை வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கிறதென்று நம்பிய பாப்போ, புழுதிக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வேகத்திலேயே குறியாக இருந்தான். சாமி மட்டும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். மோட்டார் சைக்கிள் கடந்து போய்விட்டது.

"அது மாப்பிள்ளைதானே?" என்றார் அப்பா.

"ஆமா! சாமியையும் தூக்கிட்டு எங்க ஓடறான்?"

"நீ வர்றதுக்குள்ள வேற பொண்ணு பாத்துட்டானோ என்னமோ" என்றாள் அத்தை.

நூரிஸ் ஆடுகள் தெறித்து ஓட வண்டியைத் திருப்பினாள். காலில் பிடிமானம் போதவில்லை. செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் இருந்தது. மற்றது எங்கே கழன்றதோ. இருந்ததையும் உதறிவிட்டு வெறுங்காலால் ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஹாரனை அழுத்தினால் வாத்துக் கத்துவது போல ஒலித்தது; பெயின்ட் அதற்குள்ளும் புகுந்திருந்தது. வாத்துச் சத்தம் கேட்கக் கேட்க முன்னால் போன பாப்போ வேகத்தைக் கூட்டினான். எவனோ தன்னை முந்தப் பார்க்கிறான் என்று ரோஷம் வந்துவிட்டதாக அவனே பிறகு ஒப்புக்கொண்டான். அந்தச் சாலையில் பாப்போவை முந்தியவன் கிடையாதாம்.

மோட்டார் சைக்கிள் கடைசியில் பழைய இடத்தில்தான் நின்றது. வாழைக்காய் லாரி போய்விட்டிருந்தது. தரையில் சாக்குகள், கொஞ்சம் எண்ணெய்க் கறை, ஒற்றை வெள்ளைச் செருப்பு. ஒதாலிஸ் குதித்து இறங்கி அந்தச் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டான்.

பின்னால் கிறீச்சென்று பிக்கப் நின்றது. கதவு திறந்தது. வெறுங்கால், அவிழ்ந்த தலை, கன்னமெல்லாம் கரி, வெள்ளைக் கவுன். சாமி ஓரடி பின்வாங்கிச் சிலுவை போட்டார். பாப்போ சாமிக்குப் பின்னால் ஒளிந்தான்.

"நூரிஸ்?" என்றான் ஒதாலிஸ், மண்டியிட்டபடியே. "நீ… செத்துட்டியா?"

"இன்னும் இல்லடா!"

அவன் எழுந்து வந்த வேகத்தில் இருவரும் சேர்ந்து வண்டி மேல் சாய்ந்தார்கள். அவள் கன்னத்துக் கரி அவன் சட்டை மார்பில். வெயிலில் இளகிய பெயின்ட் அவன் கால்சட்டையில். அவன் அழுதுகொண்டே சிரித்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"நான் சொன்னது 'பொண்ணு வண்டிக்கு அடியில கெடக்கா'ன்னுதான்" என்றான் பாப்போ. "அது உண்மைதானே?"

"அத நீ மாரடிச்சுக்கிட்டுல்ல சொன்ன, பாவி" என்றார் சாமி.

அத்தைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "ஐயையோ! கல்யாணத்துக்கு முன்ன மாப்பிள்ள பொண்ணப் பாக்கக் கூடாதே! கண்ண மூடு! டேய் ஒதாலிஸ், கண்ண மூடுடா!"

அவனைப் பிக்கப்பின் பின்தட்டில், முதுகைக் காட்டி உட்கார வைத்தார்கள். காவலுக்குச் சாமி. வழியெல்லாம் அவன் பின்கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் நூரிஸ் வாத்து ஹாரனை அடித்தாள்.

மோந்தே கிறிஸ்திக்குள் நுழைந்தபோது கோயில் மணி துக்க மணியாக, விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒதாலிஸின் அம்மாவுக்கு இரண்டு பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். பிக்கப் வளைந்து வந்து நின்றதையும், அதிலிருந்து செத்துப்போன பெண் துள்ளி இறங்கியதையும் மணிக்கூண்டிலிருந்தவன் பார்த்துவிட்டான். துக்க மணி பாதியில் தடுமாறி, ஒரு நொடி யோசித்து, கல்யாண மணியாகக் குதித்து ஓடியது. விசிறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாமியார் எழுந்து வந்தாள். நூரிஸின் கரிக் கன்னத்தை இரு கையாலும் பிடித்து, "பெட்ரோல் வாசன அடிக்கிறடி தங்கம்" என்று முத்தமிட்டாள். கோயிலுக்குள் சாமி கேட்ட கேள்விக்கு "சம்மதம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நூரிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒதாலிஸுக்கும் தொற்றிக்கொண்டது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று பரவி, கடைசியில் சாமியே புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். சம்மதம் எல்லோருக்கும் கேட்டது என்று அவர் பொறுப்பேற்றுக்கொண்டு மேலே போனார்.

விருந்தில் ஆட்டுக்கறி ஓரிகானோ இலை மணக்க மணக்கக் கொதித்தது. அக்கார்டியனும் மேளமும் போட்டி போட்டன. கேக்கின் நடுவில் ஏன் குழி என்று கேட்டவர்களிடம், "அது இப்ப வந்திருக்கிற புது மோஸ்தர்" என்றாள் அத்தை.

நூரிஸ் ஆடிக் களைத்துத் தண்ணீர் குடிக்க வந்தபோது, மாமரத்தடியில் அப்பாவைச் சுற்றி ஒரு கூட்டம். ரம் கோப்பையோடு அப்பா நடுவில் நின்றார்.

"எல்லாரும் கார்புரேட்டர், கார்புரேட்டர்னாங்க. நான் விடல. காத வெச்சுக் கேட்டேன். டேங்க் மூச்சுத் திணறுது! எடு மூடியன்னேன். பாத்தா… அந்தச் சின்னத் துளைக்குள்ள ஒரு குளவி கூடு கட்டியிருக்கு!"

"குளவியா!" என்று கூட்டம் வியந்தது.

அத்தை வாயைத் திறந்தாள். நூரிஸ் அவள் இடுப்பில் செல்லமாகக் கிள்ளினாள். அத்தை ஒரு துண்டு கேக்கை எடுத்துத் தன் வாயையே அடைத்துக்கொண்டாள். நூரிஸ் கூட்டத்துக்குள் புகுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் வாங்க. என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க."

மேளம் வேகமெடுத்தது. அப்பா இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் காதருகே குனிந்து மெல்லக் கேட்டார்: "குளவின்னு சொன்னது தப்பாம்மா?"

"பெரிய குளவிப்பா" என்றாள் நூரிஸ். "வெள்ளக் குளவி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் தாளம் தப்பி அவள் காலை மிதித்தார். அவளும் பதிலுக்கு மிதித்தாள். அடுத்த பாட்டு தொடங்கியும் இருவரும் இடத்தை விட்டு நகரவில்லை.